காப்பு களைந்த பிறகு

விளாத்திகுளம்,
ஐப்பசி மாதம்.

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தசராவுக்காகக் குலசை (குலசேகரன்பட்டினம்) முத்தாரம்மனுக்கு மாலை போட்டிருந்த 41 நாளும் கஞ்சாவையும் சரக்கையும் தொடவில்லை என்று எழுதியிருந்தாய். விரதம் முடிந்து காப்பைக் களைந்த மறுநாள் சாயங்காலமே கால் தானாகப் பழைய இடமான பாலத்தடிக்குப் போய்விட்டது என்றும் எழுதியிருந்தாய். "அம்மனை ஏமாற்றிவிட்டேனா அண்ணாச்சி? நான் திருந்தவே மாட்டேனா?" என்ற வரியைப் படித்துவிட்டு மனசு கேட்கவில்லை. அதனால்தான் இந்த நீண்ட கடிதம்.

நீ யாரையும் ஏமாற்றவில்லை. அந்த 41 நாளும் உண்மை. அது எப்படி முடிந்தது என்பதை மட்டும் இருவருமாகச் சேர்ந்து யோசிப்போம். பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

உங்கள் தெருவில் தசராக் குழு போட்ட குடிலை நினைத்துப் பார். விடிவதற்குள் எழுந்து குளித்தீர்கள். ஒரே உலையில் பொங்கித் தின்றீர்கள். சாயங்காலம் பூஜை, அதன் பிறகு ஊர் ஊராகக் காணிக்கைக்குப் போவது, மேளம், வேடம். பொழுது சும்மா கிடந்த நேரமே இல்லை. பெரியவர்கள்கூட உன்னைச் "சாமி" என்றுதான் கூப்பிட்டார்கள். குடிக்கிற கூட்டாளி எதிரே வந்தாலும், "சாமி மாலை போட்டிருக்கு" என்று ஒதுங்கிப் போனான். ஒருவன் முகம் வாடினால் பக்கத்தில் படுத்திருந்தவன் என்ன ஏது என்று கேட்டான். உன் உறுதி பெரிதுதான். அந்த உறுதியைச் சுற்றி ஒரு தெருவே நின்றது என்பதையும் மறந்துவிடாதே.

காப்பைக் களைந்த அன்று இவை எல்லாமே ஒரே நாளில் போய்விட்டன. குடிலைப் பிரித்தாயிற்று. "சாமி" மறுபடி "டேய்" ஆனான். சாயங்காலம் ஐந்து மணிக்குச் செய்ய வேலை ஒன்றுமில்லை. பழைய கூட்டாளிகள் மட்டும் அதே இடத்தில் இருந்தார்கள். மனசு அந்தப் பக்கம் சாய்ந்ததில் வியப்பு என்ன இருக்கிறது?

உடம்பின் கணக்கையும் சொல்கிறேன். தினமும் கஞ்சா புகைக்கிறவர் நிறுத்தினால் முதல் வாரம் எரிச்சல் வரும், தூக்கம் போகும், பசிக்காது, கனவுகள் பயமுறுத்தும். பெரும்பாலோருக்கு இரண்டு, மூன்று வாரத்தில் இது அடங்கிவிடும். கஞ்சாவின் வேதிப்பொருள் போய் ஒட்டுகிற ஏற்பிகள் நம் மூளையில் உண்டு. தினசரிப் பழக்கத்தால் அவை குறைந்துபோகும். நிறுத்திய பிறகு ஏறக்குறைய நான்கு வாரத்தில் அவை பழைய நிலைக்கு வருவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆக, 41 நாள் உன் உடம்புக்குக் கிடைத்த நிஜமான ஓய்வு. ஆனால் பாலத்தடி, பீடி வாசனை, ஒரு குறிப்பிட்ட ஆளின் விசில் சத்தம் என்று மூளை முடிச்சுப் போட்டு வைத்திருப்பவை அத்தனை சீக்கிரம் அவிழாது. அந்த இடத்தில்தான் மற்றவர்களின் துணை தேவைப்படுகிறது.

இந்த ஓய்வு நாட்களை எப்படிப் பார்ப்பது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் படகைக் கரையேற்றிச் சுரண்டி, பழுது பார்த்து, வர்ணம் அடித்து, வலையைச் சீர்செய்கிறவர்தான் ஜூன் 15ஆம் தேதி தைரியமாகக் கடலுக்குப் போகிறார். நீ விட்டிருந்த இடைவெளியும் அப்படித்தான். அதற்குள் என்ன பழுது பார்த்தோம் என்பதே முக்கியம்.

இப்போது மூன்று எச்சரிக்கைகள். இவற்றை உன் குழுவில் எல்லோருக்கும் படித்துக் காட்டு.

முதலாவது, வருடக்கணக்கில் தினமும் அதிகமாகக் குடிக்கிறவர் மாலை போட்ட அன்றே சட்டென்று நிறுத்துவது உயிருக்கு ஆபத்தாகலாம். சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும், உளறுவார். அதைச் சாமி வந்ததென்று நினைத்து வேப்பிலை அடித்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். முன்கூட்டியே டாக்டரைப் பார்த்தால் மாத்திரையும் வைட்டமின் ஊசியும் கொடுத்து இந்த நாட்களைப் பத்திரமாகக் கடக்க வைப்பார்.

இரண்டாவது, வலி மாத்திரையைப் போதைக்குப் போடுகிறவர்களுக்கு. சில வாரம் நிறுத்தினால் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். மறுபடி பழைய அளவைப் போட்டால் மூச்சு அடங்கிச் சாவு வரலாம். இடைவெளிக்குப் பிறகு வரும் முதல் சறுக்கல்தான் இவர்களுக்கு மிகப் பெரிய ஆபத்து.

மூன்றாவது, போலீஸுக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவைப் பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை. போதைப்பொருளை உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய, போதைக்கு அடிமையானவர், தானாக முன்வந்து அரசின் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் முழுச் சிகிச்சை எடுத்துக்கொண்டால், அந்தக் குற்றத்துக்கான வழக்கு நடவடிக்கையிலிருந்து அவருக்கு இந்தப் பிரிவு விலக்குத் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கும் போகலாம்.

இனி ஊர்த்துணை. சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையார், இளம் வயதிலேயே கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரத்தோடு முடங்கிவிடாமல் 1980இல் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார். 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அவருடைய வேலையில் என் மனசைத் தொட்டது மஞ்சக்குடி. இன்றைய திருவாரூர் மாவட்டத்துக் கிராமம் அது. நோயாளியைப் பட்டணத்துக்கு வரச் சொல்லாமல், டாக்டரும் ஆலோசகர்களும் கிராமத்துக்கே போய் 15 நாள் முகாம் போட்டார்கள். முகாமுக்கு இடமும் ஆதரவும் தந்தவர்கள் உள்ளூர் மக்கள். குடும்பத்தாரையும் உட்கார வைத்துப் பேசினார்கள். முகாம் முடிந்த பிறகும் விடாமல் தொடர்ந்து பார்த்தார்கள். தன் ஊர்க்காரர் கண்ணெதிரே ஒருவன் தேறி எழும்போது, அவனைத் தாங்கிப் பிடிக்க ஊருக்கும் தெரிந்துவிடுகிறது.

இதே உண்மையை அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் 1935இல் கண்டுகொண்டார்கள். ஒருவர் பில் வில்சன், பங்குச்சந்தைக்காரர். மற்றவர் பாப் ஸ்மித், டாக்டர். ஏக்ரன் நகருக்கு வந்த இடத்தில் வியாபாரம் கைகூடாமல், குடிக்கத் தோன்றிய நேரத்தில், வில்சன் தன்னைப் போன்ற ஒருவரைத் தேடித் தொலைபேசியில் அலைந்து டாக்டரைக் கண்டடைந்தார். டாக்டர் சில வாரம் நிறுத்தினார். பிறகு ஒரு மாநாட்டுக்குப் போனவர் மறுபடி குடித்துவிட்டு வந்தார். வில்சன் அவரைக் கைவிடவில்லை. அந்த ஜூன் மாதம் டாக்டர் குடித்ததுதான் கடைசிக் குடி. அந்த நட்பிலிருந்து பிறந்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற இயக்கம். தமிழ்நாட்டிலும் அதன் கூட்டங்கள் தமிழிலேயே நடக்கின்றன. கட்டணம் கிடையாது, பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள், "இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்போம்" என்பதே அவர்கள் சங்கல்பம். அந்த டாக்டருக்கு வந்த அதே சறுக்கல்தான் உனக்கும் வந்திருக்கிறது. அவருக்குக் கிடைத்த நண்பர் உனக்கும் வேண்டும்.

ஆகவே, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பாலத்தடிப் பாதையைக் கொஞ்ச காலம் விட்டுவிடு. ஐந்து மணிக்குக் கைக்கு ஒரு வேலை வைத்துக்கொள். பந்து விளையாடு, அப்பாவோடு மிளகாய்க் காட்டுக்குப் போ, எதுவானாலும் சரி. ஆசை எழும்போது கூப்பிட ஒரு ஆளை இப்போதே முடிவு செய்துகொள். பெரும்பாலும் அந்த வேகம் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அதுவரை பேச்சுத்துணை போதும். ஆள் கிடைக்காவிட்டால் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணையோ 14416 என்ற மனநல உதவி எண்ணையோ கூப்பிடு. இரண்டும் இலவசம். யாராவது தனியார் மீட்பு மையத்துக்கு அழைத்தால், மாநில மனநல ஆணையத்தில் பதிவு உண்டா என்று முதலில் கேள். சங்கிலி போட்டுக் கட்டுவதைச் சட்டமே தடை செய்திருக்கிறது. அடித்துத் திருத்துகிறோம் என்று சொல்கிற இடத்துக்குப் போகவே போகாதே.

அம்மாவுக்கும் இதைப் படித்துக் காட்டு. திட்டுவதையும் கையில் காசு கொடுப்பதையும் விட்டுவிட்டு, உன்னோடு டாக்டரைப் பார்க்க வரச் சொல். குடும்பம் இதை நோய் என்று ஒப்புக்கொண்டால் பாதி பாரம் இறங்கிவிடும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இது உனக்கு மட்டுமில்லை, உங்கள் தசராக் குழுவுக்கும் சேர்த்துத்தான். அடுத்த புரட்டாசி வரை காத்திருக்காதீர்கள். வாரம் ஒரு நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம், மாலை போட்ட அத்தனை பேரும் அதே இடத்தில் கூடுங்கள். அந்த வாரம் சறுக்கினவன் வெட்கப்படாமல் வந்து உட்காரட்டும். அவனை யாரும் கேலி பேசக் கூடாது. குழுத் தலைவரிடம் நீயே பேசு. தயக்கமாக இருந்தால் நானும் வருகிறேன். அதற்கு முன்னால் திங்கட்கிழமை காலை தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போவோம். முதல் பஸ்ஸுக்குத் தயாராக இரு.

அன்புடன்,
உன் அண்ணாச்சி