பாரிஸின் பெயர் கொண்ட உலோகமும் அதன் உப்பும்

இம்முறை அறிவியல் பக்கத்தில், நாம் வாழும் இந்நகரின் பெயரைத் தாங்கிய ஓர் உலோகத்தை அறிந்துகொள்வோம்.

உரோமர் காலத்தில் பாரிஸுக்கு லுட்டேசியா என்று பெயர். 5ஆம் வட்டாரத்திலுள்ள பழைய வட்டரங்கம் அப்பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. 1907இல் இங்கு ஜோர்ஜ் உர்பேன் என்னும் இரசாயனவியலாளர், இற்றர்பியம் என்று அதுவரை கருதப்பட்ட பொருளைத் திரும்பத் திரும்பப் பளிங்காக்கிப் பிரித்தார். அதனுள் இன்னொரு மூலகம் மறைந்திருந்தது. அதற்கு லுட்டேசியம் என்று பெயரிட்டார். அதன் அணுவெண் 71.

கறியுப்பில் சோடியம் ஓர் இலத்திரனைக் குளோரினுக்குக் கொடுக்கிறது. அருமண் உலோகமான லுட்டேசியமோ மூன்றைக் கொடுக்கும். ஆகவே அதன் ஓர் அணுவுக்கு மூன்று குளோரின் சேர்ந்து லுட்டேசியம் குளோரைட்டு உண்டாகிறது. இது வெண்ணிற உப்பு. நீரில் எளிதாகக் கரையும். கரைந்தவுடன் உலோக அயனும் குளோரைட்டு அயனும் பிரிந்துவிடும். அமிலம் குறைந்தால் உலோகம் ஐதரொட்சைட்டாகப் படிந்துவிடும் என்பதால், ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்திலேயே கரைத்து வைப்பார்கள்.

குளோரைட்டு இவ்வாறு இலகுவில் விலகுவதுதான் வைத்தியத்துக்கு உதவுகிறது. கதிரியக்கமுள்ள லுட்டேசியம் 177 இந்தக் கரைசலாகவே மருந்து தயாரிப்போரிடம் வருகிறது. அங்கே 'டோட்டா' என்னும் மூலக்கூறு உலோக அயனை நண்டுபோல் இறுகப் பிடித்துக்கொள்ளும். அதனுடன் இணைந்த இன்னொரு பகுதி, புற்றுநோய்க் கலங்களைத் தேடி ஒட்டிக்கொள்ளும். பிடி தளர்ந்தால் லுட்டேசியம் எலும்பில் போய்த் தங்கிவிடும். ஆகவே பிடி இறுக்கமாக இருப்பது மிக அவசியம். இவ்வகை மருந்தொன்றுக்கு ஐரோப்பாவில் 2017இல் அனுமதி கிடைத்தது. 2022இல் ஆண்களின் புரோஸ்டேட் புற்றுநோய்க்கும் ஒன்று அனுமதிக்கப்பட்டது.

லுட்டேசியம் 177இன் அரைவாழ்வு ஏறக்குறைய 6.65 நாள். அதாவது ஒரு கிழமைக்குள் அதன் கதிரியக்கம் பாதிக்கும் கீழே குறைந்துவிடும். சிறுநீருடனும் பெருமளவு வெளியேறும்.

நம் குடும்பங்களில் எவருக்கேனும் இச்சிகிச்சை சொல்லப்பட்டால், கதிரியக்கம் என்ற சொல்லைக் கேட்டு அஞ்சி மறுத்துவிட வேண்டாம். அலட்சியமாகவும் இருக்க வேண்டாம். சிறுபிள்ளைகளிடமும் கர்ப்பிணிகளிடமும் எத்தனை நாள் விலகியிருக்க வேண்டும், கூட்டமுள்ள திருவிழாவுக்கு எப்போது வரலாம் என்பதையெல்லாம் வைத்தியரிடம் கேட்டறியுங்கள். பெரியவர்களுக்குப் பிரெஞ்சு மொழி சிரமமென்றால், பிள்ளைகள் கூடச் சென்று இவற்றைத் தமிழில் விளக்கிச் சொல்லுங்கள்.