மோடம் மாறியது, வைஃபை தடுமாறியது

புது மோடம் மாட்டும் நாளில் குறை எதுவும் தெரியாது. மாட்ட வந்தவர் அதன் பக்கத்திலேயே நின்று தன் போனில் ஸ்பீடு டெஸ்ட் எடுத்துக் காட்டுவார். 100 எம்பிபிஎஸ் பிளானுக்கு 95 வரை வரும். சாயங்காலம் எல்லோரும் வீடு திரும்பி அவரவர் அறையில் உட்கார்ந்த பிறகுதான் படுக்கையறையில் வீடியோ நிற்கும், பிரிண்டர் அசையாது, ஹாலில் டிவி மட்டும் ஒழுங்காக ஓடும். பழைய பெட்டியே தேவலை என்று வீடே சொல்லும். அந்தப் பேச்சில் உண்மை இருக்கிறது. பழைய பெட்டி வைத்திருந்த இடம், அதன் சேனல், பாஸ்வேர்ட் முறை, ஒவ்வொரு கருவிக்கும் கொடுத்திருந்த முகவரி எல்லாம் வருடக்கணக்கில் அந்த வீட்டுக்கு ஏற்றபடி அமைந்தவை. பெட்டியைக் கழற்றும்போது இத்தனையும் அதோடு போய்விடுகின்றன.

வேளச்சேரியில் நான்காவது மாடியில் இருக்கும் உறவுக்கார அக்கா ஒருவரின் வீட்டில் இதை நான் கிட்டே இருந்து பார்த்தேன். வீட்டிலிருந்தே கணக்கு வேலை செய்பவர். இடி விழுந்த ஒரு மழை நாளில் பழைய மோடம் போய், புதிது வந்திருந்தது.

"நெட்டே சரியில்ல தம்பி. இந்த மோடத்தையும் மாத்தித் தரச் சொல்லிடவா?"

"கொஞ்சம் பொறுங்கக்கா. எது எங்க நிக்குதுன்னு முதல்ல பார்த்துடுவோம்."

அவர் "நெட் சரியில்ல" என்ற ஒரே வாக்கியத்தில் சொன்னது நான்கு தொந்தரவுகளை. படுக்கையறையில் மீட்டிங் உறைகிறது, பிரிண்டர் வேலை செய்யவில்லை, வாசல் கேமரா ஆஃப்லைன், ராத்திரி எட்டு மணி வாக்கில் எல்லாமே ஒரு நிமிடம் அணைந்து வருகிறது. நான்குக்கும் காரணம் வேறு வேறு.

முதலில் செய்ய வேண்டியது, லேப்டாப்பை லேன் கேபிளால் நேராக மோடத்தில் சொருகிப் பார்ப்பது. தெருவிலிருந்து தண்ணீர் வரவில்லையா, வீட்டுக் குழாயில் அடைப்பா என்று பார்ப்பது போன்ற வேலைதான் இது. கம்ப்யூட்டரில் கமாண்ட் விண்டோ இரண்டைத் திறந்து, ஒன்றில் மோடத்தின் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1), இன்னொன்றில் 8.8.8.8 என்ற வெளி முகவரிக்கு, பதில் வருகிறதா என்று கேட்கும் பிங் கட்டளையை விடாமல் ஓட விட வேண்டும். மோடத்திலிருந்து பதில் சீராக வந்து, வெளி முகவரி மட்டும் விட்டு விட்டு வந்தால் கோளாறு லைனில். கேபிளில் இரண்டும் சீராக இருந்து, வைஃபைக்கு மாறியதும் மோடத்தின் பதிலே தடுமாறினால் கோளாறு வீட்டுக்குள். அக்கா வீட்டில் பகல் முழுக்கக் கேபிளில் ஒரு பதில்கூடத் தவறவில்லை. புது மோடத்தை மாற்றச் சொல்லும் பேச்சு அங்கேயே நின்றது.

படுக்கையறைக்குக் காரணம் மோடம் உட்கார்ந்த இடம். பழையது ஹாலில் ஷோகேஸ் மேல் இருந்தது. புதியதை, ஃபைபர் வயர் எட்டுகிறது என்பதற்காக வாசலோரம் செருப்பு ஸ்டாண்ட் பக்கத்தில் மாட்டிவிட்டார்கள். அங்கிருந்து படுக்கையறைக்குப் போகும் வழியில் கான்கிரீட் சுவர், ஃபிரிட்ஜ், கண்ணாடி பதித்த இரும்பு பீரோ மூன்றும் நின்றன. மோடம் அனுப்பும் இரண்டு வைஃபை அலைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டும்போது 2.4 கிகாஹெர்ட்ஸைவிட அதிகமாக வலுவிழக்கும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்து, எதில் சேர்வது என்பதை போனும் மோடமுமே முடிவு செய்யட்டும் என்று புது மோடங்கள் அமைக்கப்பட்டு வருகின்றன. எல்லைக்கோட்டில் இருக்கும் அறையில் போன் இரண்டுக்கும் இடையே மாறி மாறித் தாவும். ஒவ்வொரு தாவலிலும் மீட்டிங் உறையும். தற்காலிகமாக இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும். மோடத்தைக் கூடத்தின் நடுப்பகுதிக்கு, ஆள் உயரத்துக்கு மேலே ஏற்றியதும் அந்தத் தொல்லை பெருமளவு அடங்கியது. சில மீட்டர் ஃபைபர் கூடுதலாக இழுப்பது, கடையில் எக்ஸ்டெண்டர் வாங்குவதைவிட நல்ல செலவு என்பதே என் கருத்து.

அடுக்ககங்களில் இன்னொன்றும் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். போனில் ஒரு வைஃபை அனலைசர் செயலியைத் திறந்தால் அக்கம்பக்கத்து வீடுகள் எதில் குவிந்திருக்கின்றன என்பது தெரியும். குறைவான கூட்டம் உள்ளதை நாமே தேர்ந்து, சேனலின் அகலத்தை 40-இலிருந்து 20 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கிவிடுவது நல்லது. ஸ்பீடு டெஸ்டில் எண் குறையும், இணைப்பு நிலைக்கும். 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையிலான சேனல்கள் ரேடார்களோடு பகிர்ந்துகொள்ளப்படுபவை. ரேடார் அலை இருப்பதாக மோடம் உணர்ந்தால் சேனலைக் காலி செய்தே ஆக வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் மட்டும் அவ்வப்போது மறைந்து வருகிற வீடுகளில் 36 முதல் 48 வரை உள்ள சேனல்களில் ஒன்றை வைத்துப் பார்க்கலாம்.

பிரிண்டரும் கேமராவும் எனக்கு மிகவும் பிடித்த பாடங்கள். அந்த பிரிண்டரின் திரையில் வைஃபை இணைந்திருப்பதாகவே காட்டியது. ஆனால் பழைய மோடம் 192.168.0 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுத்து வந்தது; புதியது 192.168.1 என்று கொடுக்கிறது. பிரிண்டருக்கு யாரோ ஒருமுறை நிலையான முகவரி பதித்திருந்ததால், அது பழைய தெருவிலேயே குடியிருந்தது. முகவரியைத் தானாக வாங்கிக்கொள்ளும்படி மாற்றியதும் அன்றைக்கு நிலுவையில் இருந்த இன்வாய்ஸ்கள் வரிசையாக வெளியே வந்தன.

கேமரா கதை வேறு. வீட்டுக் கேமராக்கள், ஸ்மார்ட் பிளக்குகள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டுமே அறிந்தவை. அதோடு, 2018-இல் அறிவிக்கப்பட்ட டபிள்யூபிஏ3 பாதுகாப்பு முறை அவற்றில் பலவற்றுக்குத் தெரியாது. 2004-இல் வந்த டபிள்யூபிஏ2-தான் தெரியும். புது மோடம் டபிள்யூபிஏ3-இல் மட்டும் பூட்டப்பட்டிருந்தது. இரண்டையும் ஏற்கும் கலப்பு முறைக்கு மாற்றி, பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்துப் பிசகாமல் அப்படியே வைத்ததும் கேமரா தானாக வந்து சேர்ந்தது. மோடம் மாற்றும் எந்த வீட்டுக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: பழைய பெயர், பழைய பாஸ்வேர்ட். வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவியையும் தேடிப் போய்ப் புதிதாகச் சேர்க்கிற வேலை மிச்சம். பழைய பாஸ்வேர்ட் ஊருக்கே தெரிந்துபோயிருந்தால் மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ராத்திரி எட்டு மணி விஷயம் கரண்ட் சம்பந்தப்பட்டது. மின்வெட்டுக்காக வைத்திருந்த மினி யூபிஎஸ் பழைய மோடத்துக்கு வாங்கியது, 12 வோல்ட் 1 ஆம்பியர். புது மோடத்தின் அடியில் ஒட்டியிருந்த தாளில் 12 வோல்ட் 2 ஆம்பியர் என்று இருந்தது. ஓரிரு கருவிகள் இருக்கும்வரை ஓடும். எல்லோரும் வீட்டுக்கு வந்து அத்தனையும் ஒரே நேரத்தில் இயங்கும்போது மின்சாரம் போதாமல் ரீஸ்டார்ட் ஆகும். வைஃபை மட்டும் போகிறதா, மோடத்தின் விளக்குகள் அத்தனையும் அணைந்து எரிகின்றனவா என்று கவனித்தால் வித்தியாசம் புரியும். மோடத்தோடு வந்த அடாப்டரைச் சொருகியதும் அன்றிரவு அது அணையவில்லை.

இவற்றில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு நாளாவது பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். ஒரேயடியாக எல்லாவற்றையும் மாற்றினால் எது சரி செய்தது என்று தெரியாது. மறுபடி கெடும்போது கை ஒடிந்தது போல நிற்போம். சொந்தமாக ஒரு ரவுட்டரும் வைத்திருப்பவர்கள் அதை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பெட்டிகளும் தனித்தனியே முகவரி கொடுத்துக் குழப்பும்.

கேபிள் சோதனையிலேயே லைன் தடுமாறினால் வீட்டில் எதை நகர்த்தியும் பயனில்லை. மதுரையில் நண்பர் ஒருவர் வீட்டில் அப்படித்தான் ஆனது. ஃபைபரில் ஒளி சரியாக வராததைக் காட்டும் எல்ஓஎஸ் விளக்கு அவ்வப்போது சிவப்பாக மின்னியது. மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் ஃபைபரில் வந்து சேரும் ஒளியின் அளவு டிபிஎம் கணக்கில் இருக்கும். வீட்டுக் கருவிகள் வழக்கமாக மைனஸ் 27 வரை தாங்கும். எண் பூஜ்யத்தை நோக்கி வர வர ஒளி வலுவாகும். 3 குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள். அங்கே மைனஸ் 28 காட்டியது. முதலில் வயர் எங்காவது மடங்கி நசுங்கியிருக்கிறதா என்று பார்த்தோம், இல்லை. அடுத்து நுனி: பச்சை நிறக் கனெக்டரின் முகம் 8 டிகிரி சாய்வாக வெட்டப்பட்டது, நீல நிறத்தில் அந்தச் சாய்வு கிடையாது, ஒன்றை மற்றதில் சொருகினால் ஒளி வீணாகும். அங்கே இரண்டும் பச்சைதான். கழற்றிய நுனியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கவே கூடாது. அதில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது.

"நெட் ஸ்லோ" என்று சொல்லிப் புகார் கொடுத்தபோதெல்லாம் நண்பருக்குக் கிடைத்த பதில், மோடத்தை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள் சார் என்பதுதான். இந்த முறை "எல்ஓஎஸ் சிவப்பா மின்னுது, ரிசீவ் பவர் மைனஸ் 28, லேன் கேபிள்லயும் பிங் விட்டு விட்டு வருது" என்று சொல்லி, திரையின் படத்தையும் அனுப்பினார். அடுத்த நாள் வந்த லைன்மேன் வீட்டுக்குள் நுழையாமல் நேரே மொட்டைமாடிக்குப் போய், மழைத் தண்ணீர் இறங்கியிருந்த ஜாயின்ட் பெட்டியைத் திறந்து புதிதாக ஸ்ப்ளைஸ் போட்டார். கீழே மோடத்தில் எண் மைனஸ் 20-க்கு வந்து நின்றது.