லேப்டாப்பைத் திறந்ததும் வைஃபை வரத் தாமதமா? காசு செலவழிக்கும் முன் பார்க்க வேண்டியவை



நமது அறக்கட்டளைக்குக் கல்வி உதவி கேட்டு வரும் விண்ணப்பங்களில் "இருக்கிற லேப்டாப் சரியில்லை, வேறு வேண்டும்" என்ற வரி அடிக்கடி வருகிறது. என்ன சரியில்லை என்று விசாரித்தால் பலரும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். மூடி வைத்த லேப்டாப்பைத் திறந்தால் திரை உடனே வந்துவிடுகிறது. நெட் மட்டும் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் கழித்துத்தான் கிடைக்கிறது. சும்மா செய்தி படிப்பவருக்கு இது ஒரு விஷயமே இல்லை. ஆன்லைன் வகுப்பின் தொடக்கத்திலேயே வருகைப் பதிவு எடுத்துவிடும் கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கும், வேலைக்கான நேர்காணலுக்கு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் அந்த இரண்டு நிமிடம் பெரிது.

இதற்காகச் சில வீடுகளில் மாதக் கட்டணத்தைக் கூட்டி வேகமான திட்டத்துக்கு மாறுகிறார்கள். சிலர் கடையில் கொடுத்து 'ஃபார்மேட்' செய்து வாங்குகிறார்கள். பிள்ளைகளின் ப்ராஜெக்ட் ஃபைல்களும் வீட்டுப் படங்களும் அதோடு போய்விடுகின்றன. கடன் வாங்கிப் புதிய லேப்டாப் எடுப்பவர்களும் உண்டு. நாம் பார்த்தவரை பெரும்பாலான வீடுகளில் இவை எதுவும் தேவைப்படவில்லை. தாமதம் எந்த இடத்தில் ஏற்படுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் முக்கியமான வேலை.

லேப்டாப்பை மூடினால் அது முழுதாக அணைவதில்லை, உறங்குகிறது. நினைவகத்துக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். வைஃபை கார்டு உட்பட மற்ற பல பாகங்கள் ஓய்ந்துவிடும். திறந்தவுடன் வரிசையாக நான்கு வேலைகள் நடக்க வேண்டும். முதலில் வைஃபை கார்டு விழிக்க வேண்டும். அடுத்து, தெரிந்த இணைப்பு பக்கத்தில் இருக்கிறதா என்று அது தேட வேண்டும். மூன்றாவதாகக் கடவுச்சொல்லைச் சரிபார்த்து ரவுட்டர் அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடைசியாக ரவுட்டர் அதற்கு ஐபி எண் ஒன்று கொடுக்க வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் கணினியில் இவை எல்லாம் சில விநாடிகளில் முடிந்துவிடும். இந்த நான்கிலும் உங்கள் இணையத் திட்டத்தின் வேகத்துக்கு இடமே இல்லை. 40 எம்பிபிஎஸ் திட்டத்தை 200 ஆக மாற்றினாலும் இந்தத் தாமதம் அப்படியே இருக்கும்.

எனவே முதலில் அளந்து பாருங்கள். லேப்டாப்பை மூடிப் பத்து நிமிடமாவது விடுங்கள். சில கோளாறுகள் நீண்ட உறக்கத்துக்குப் பிறகுதான் தெரியும். பிறகு திறந்து, திரையின் கீழே வலது மூலையில் உள்ள வைஃபை குறியைப் பார்த்துக்கொண்டே எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சார்ஜரில் இருக்கும்போது ஒரு முறை, பேட்டரியில் ஒரு முறை செய்யுங்கள். அதே இடத்தில் உட்கார்ந்து உங்கள் செல்பேசியின் வைஃபையை அணைத்துப் போட்டும் பாருங்கள். செல்பேசியும் தடுமாறினால் குறை ரவுட்டரில் அல்லது அது இருக்கும் இடத்தில் இருக்கக்கூடும். இரும்பு பீரோவுக்குப் பின்னால் ரவுட்டரை ஒளித்து வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் அதிகம். பீரோ சிக்னலை நன்றாகவே தடுக்கும். செல்பேசி உடனே இணைந்து லேப்டாப் மட்டும் தாமதித்தால், பெரும்பாலும் லேப்டாப்பின் அமைப்பில்தான் பார்க்க வேண்டும்.

திறந்த பிறகு வைஃபை பட்டியலில் ஒரு பெயர்கூடத் தெரியாமல் காலியாகவே இருந்தால், கார்டு இன்னும் விழிக்கவில்லை என்று பொருள். விண்டோஸ் கணினியில் ஸ்டார்ட் பொத்தானின் மேல் வலது கிளிக் செய்து 'டிவைஸ் மேனேஜர்' திறந்து, 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' என்பதன் கீழ் வைஃபை கார்டின் பெயரை இருமுறை கிளிக் செய்யுங்கள். 'பவர் மேனேஜ்மென்ட்' என்ற பகுதியில், மின்சாரத்தைச் சேமிக்க இந்தக் கருவியை அணைத்துவிடக் கணினிக்கு அனுமதி தரும் வரிக்கு எதிரே டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். பேட்டரி சற்றே சீக்கிரம் குறையலாம், அவ்வளவுதான். சில புதிய லேப்டாப்களில் இந்தப் பகுதியே இருக்காது. அவை வேறு வகையில் உறங்குபவை. இல்லையே என்று தேடிக் களைத்துப்போக வேண்டாம்.

பேட்டரியில் மட்டும் தாமதம் என்றால், கண்ட்ரோல் பேனலில் 'பவர் ஆப்ஷன்ஸ்' சென்று, அதன் மேம்பட்ட அமைப்பில் 'வயர்லெஸ் அடாப்டர் செட்டிங்ஸ்' இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரிக்கும் சார்ஜருக்கும் அங்கே தனித்தனி வரி இருக்கும். பேட்டரி வரியையும் 'மேக்ஸிமம் பெர்ஃபார்மன்ஸ்' என்று மாற்றிவிடலாம்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கும் கணினியில் 'ஷட் டவுன்' கொடுத்தால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. பழைய நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்து மறுபடி அதையே எடுத்துக்கொள்ளும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். தினமும் ஷட் டவுன் செய்தும் போகாத கோளாறு ஒரே ஒரு ரீஸ்டார்ட்டில் போவது இதனால்தான்.

அதிலும் போகவில்லை என்றால் டிரைவரைப் பாருங்கள். விண்டோஸ் அப்டேட் வந்த பிறகு தொடங்கிய கோளாறு என்றால், அதே டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்துப் பழையதற்குத் திரும்பலாம். மற்றபடி லேப்டாப்பைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைப் போட்டு வைஃபை டிரைவரை எடுத்துப் போடுங்கள். எல்லா டிரைவரையும் தானே புதுப்பிக்கும் என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்கள் பக்கம் போக வேண்டாம். ஒன்றைச் சரிசெய்ய வந்து மூன்றைக் கெடுத்துவிடும்.

பட்டியல் தெரிகிறது, ஆனால் உங்கள் வீட்டுப் பெயர் மட்டும் மெதுவாக வருகிறது என்றால் இரண்டாவது வேலையில் தாமதம். இங்கே பாதுகாப்பு என்று எண்ணி வைஃபை பெயரை மறைத்து வைத்திருப்பது ஒரு காரணமாக இருக்கலாம். சாதாரண ரவுட்டர் விநாடிக்குச் சுமார் பத்து முறை தன் பெயரை அறிவித்துக்கொண்டே இருக்கும். லேப்டாப் அதைக் கேட்டால் போதும். பெயரை மறைத்துவிட்டால் லேப்டாப்தான் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தேட வேண்டும். போகிற இடமெல்லாம் அந்தப் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே போவதால் பாதுகாப்பும் கூடவில்லை. பெயரை வெளியே தெரியவிட்டு, கடவுச்சொல்லை நீளமாக வையுங்கள்.

5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சில சேனல்கள் ரேடாரோடு பகிர்ந்துகொள்ளப்படுபவை. அவற்றில் லேப்டாப் தானாகக் கூப்பிடாது, ரவுட்டரின் அறிவிப்பு காதில் விழும்வரை காத்திருக்கும். ரவுட்டர் அமைப்பில் சேனலை 36, 40, 44, 48 இவற்றில் ஒன்றாக வைத்தால் அந்தக் காத்திருப்பு இல்லை. அதோடு, மாமா வீடு, கல்லூரி விடுதி, பக்கத்து வீடு என்று சேமித்து வைத்த பழைய இணைப்புகளையும் நீக்கிவிடுங்கள். பக்கத்து வீட்டின் மெலிந்த சிக்னலைப் பிடித்துக்கொண்டு தவிக்கும் லேப்டாப்களை நாம் பார்த்திருக்கிறோம்.

பெயர் வந்து 'கனெக்டிங்' என்றே நின்றால், அந்த இணைப்பை 'ஃபர்கெட்' கொடுத்து மறக்கச் செய்து, கடவுச்சொல்லைப் புதிதாக அடித்துச் சேருங்கள். சேர்ந்த பிறகும் 'நோ இன்டர்நெட்' என்று காட்டினால் இணைப்பின் விவரப் பக்கத்தில் ஐபிவி4 எண்ணைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து எண் கிடைக்கவில்லை, லேப்டாப் தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. ரவுட்டரை ஒரு முறை அணைத்துப் போடுங்கள். மாடிக்கென்று இரண்டாவது ரவுட்டர் வைத்த வீடுகளில் இரண்டும் போட்டி போட்டு எண் கொடுப்பதும் உண்டு. வீட்டுக்கு ஒன்று மட்டும் கொடுக்கும்படி அமைக்கச் சொல்லுங்கள். எண் சரியாக இருந்தும் பக்கங்கள் திறக்கவில்லை என்றால், விபிஎன் ஏதாவது ஓடுகிறதா என்று பார்த்து அணைத்துச் சோதியுங்கள்.

ரவுட்டர் இல்லாமல் செல்பேசி ஹாட்ஸ்பாட்டில் நெட் எடுக்கும் குடும்பங்கள் நம் பகுதியில் நிறைய. அவர்களுக்கு மேலே சொன்ன பலதும் பொருந்தாது. கோளாறு பெரும்பாலும் செல்பேசியில் இருக்கும். வீட்டிலிருந்தே பிள்ளைகளுக்கு ஆன்லைனில் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஒரு சகோதரி லேப்டாப் கேட்டு விண்ணப்பித்திருந்தார். ஒவ்வொரு வகுப்பு தொடங்கும்போதும் நெட் வரத் தாமதமாகி, காத்திருந்த பெற்றோரில் ஒருவர் பிள்ளையை நிறுத்திவிட்டார். லேப்டாப்பைக் கொண்டு வரச் சொல்லி நம் ரவுட்டரில் இணைத்துப் பார்த்தால் நான்கு விநாடியில் இணைந்தது. அவருடைய மகனின் ஆண்ட்ராய்டு செல்பேசியில், யாரும் இணைந்திருக்காவிட்டால் ஹாட்ஸ்பாட்டைத் தானாக அணைக்கும் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தது. லேப்டாப் உறங்கினால் அதன் இணைப்பு போகும், சில நிமிடத்தில் ஹாட்ஸ்பாட்டும் அணைந்துவிடும். லேப்டாப்பைத் திறந்த பிறகு மகனைக் கூப்பிட்டு அதைப் போடச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த அமைப்பை நிறுத்தியதோடு வேலை முடிந்தது. ஐஃபோனாக இருந்தால், லேப்டாப்பைத் திறக்கும் நேரத்தில் 'பர்சனல் ஹாட்ஸ்பாட்' பக்கத்தைத் திறந்து வைத்திருந்தால் பெயர் உடனே தெரியும்.

உண்மையிலேயே கார்டு பழுதான லேப்டாப்களும் உண்டு. உறங்கி எழுந்ததும் டிவைஸ் மேனேஜர் பட்டியலிலிருந்தே கார்டின் பெயர் காணாமல் போய், முழுதாக அணைத்துப் போட்டால்தான் வருகிறது, டிரைவர் மாற்றியும் அப்படியே என்றால் கார்டைச் சந்தேகிக்கலாம். அப்போதும் லேப்டாப்பையே மாற்ற வேண்டியதில்லை. யூஎஸ்பியில் செருகும் சிறிய வைஃபை அடாப்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

தேர்வோ நேர்காணலோ நாளைக்கே இருந்தால் அமைப்புகளில் கை வைக்காதீர்கள். அன்று மட்டும் லேப்டாப்பை உறங்கவிடாமல், அரை மணி நேரம் முன்பே திறந்து, சார்ஜரில் போட்டு, வகுப்புப் பக்கத்தைத் திறந்து வையுங்கள். மூடினாலும் உறங்காதபடி 'டூ நத்திங்' என்று மாற்றியிருந்தால், அப்படியே பைக்குள் வைத்துவிடாதீர்கள், சூடாகிவிடும்.

இவற்றைப் பார்த்தும் சரியாகவில்லை என்றால் லேப்டாப்பை அறக்கட்டளை அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். சார்ஜரும், நீங்கள் குறித்து வைத்த விநாடிக் கணக்கும் கூடவே வரட்டும். ஹாட்ஸ்பாட்டில் நெட் எடுப்பவர்கள் அந்தச் செல்பேசியையும் கொண்டு வர வேண்டும்.