தொலைபேசிக் கம்பியில் கணிப்பொறி

மாணவிகளே, 1990களில் வீட்டுக் கணிப்பொறியை இணையத்தோடு சேர்த்தவர்கள் உங்கள் குடும்பத்தில் யாரேனும் இருந்தால் கேட்டுப் பாருங்கள். மேசைமேல் இருந்த ஒரு சிறு பெட்டி கீச்சிட்டுக் கரகரத்த விதத்தை நடித்தே காட்டுவார்கள். மோடம் என்ற அக்கருவி ஏன் அப்படிக் கத்தியது?

தொலைபேசி மனிதக் குரலுக்கென்று அமைந்தது. பேச்சு விளங்கினால் போதும் என்பதால், வினாடிக்குச் சுமார் 300 முதல் 3,400 அதிர்வுகள் வரையுள்ள ஒலிகளை மட்டுமே தொலைபேசி நிலையம் கடத்தியது. (பாட்டு டீச்சரின் குரல் டெலிபோனில் இனிக்காததற்கு இதுவே காரணம்!) கணிப்பொறியோ 0, 1 என்ற இரு குறிகளை மின்னழுத்த ஏற்ற இறக்கமாக வைத்திருக்கிறது. அதை அப்படியே கம்பியில் விட்டால் மறுமுனையில் உருக்குலைந்துதான் சேரும். ஆகவே குறியை ஒலியாக்க வேண்டும். மறுமுனையில் ஒலியை மீண்டும் குறியாக்க வேண்டும். பௌதிகப் பாடத்தில் பண்பேற்றம், பண்பிறக்கம் என்று படிக்கிறோமல்லவா, அவ்விரண்டும் இவையே. மாடுலேட்டர், டிமாடுலேட்டர் என்ற சொற்களை வெட்டி ஒட்டியதே மோடம்.

அமெரிக்காவில் 1962இல் வந்த பெல் 103 என்ற மோடம் இதை மிக எளிதாகச் செய்தது. அழைக்கும் பக்கம், 1 என்பதற்கு 1,270 அதிர்வுள்ள ஒலியையும் 0 என்பதற்கு 1,070 அதிர்வுள்ள ஒலியையும் எழுப்பும். பதில் தரும் பக்கத்துக்கு 2,225, 2,025. சுருதி வேறானதால் ஒரே கம்பியில் இருவரும் ஒரே சமயத்தில் பேசலாம். வேகம் வினாடிக்கு 300 பிட். ஓர் ஆங்கில எழுத்துக்குத் தொடக்க, முடிவுக் குறிகளோடு 10 பிட் ஆகும். 1,500 எழுத்துள்ள ஒரு பக்கம் போய்ச் சேர 50 வினாடி!

நம் நாட்டில் 1995 ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. அக்காலத்தில் இணைப்புப் பெறும் முறையாவது: சுவரிலிருந்து வரும் டெலிபோன் கம்பியை மோடத்தில் செருகி, மோடத்தைக் கணிப்பொறியோடு இணைத்து, நிறுவனத்தின் எண்ணைச் சுழற்றச் செய்வார்கள். மறுமுனை மோடம் முதலில் 2,100 அதிர்வுள்ள நீண்ட ஒலியை அனுப்பும். பேச்சில் எதிரொலியை அடக்க வழியில் வைத்திருக்கும் கருவிகளை ஒதுங்கி நிற்கச் செய்யும் சைகை அது. பிறகு இரு மோடங்களும் கம்பியைச் சோதித்து, இரைச்சல் மிகுந்திருந்தால் வேகத்தைக் குறைத்து, ஓர் உடன்பாட்டுக்கு வரும். நாம் கேட்ட கரகரப்பு இந்தப் பேரம்தான். பேரம் முடிந்ததும் மோடம் தன் ஒலிபெருக்கியை மட்டும் அடக்கிக்கொள்ளும். கம்பிக்குள் சத்தம் ஓயாது.

இதில் வீட்டாருக்குத் தொல்லை உண்டு. இணைப்பு நீடிக்கும் வரை டெலிபோன் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். அடுத்த அறையில் யாராவது ரிசீவரைத் தூக்கினால் இணைப்பு அறுந்துவிடும். அதைவிட, ஊரிலிருந்து அவசரச் செய்தி சொல்ல அழைப்பவருக்கு ‘எங்கேஜ்டு’ ஒலிதான் கேட்கும். வீட்டுக்கு ஒரே டெலிபோன் இருந்த நாளில் இது சிறிய விஷயமன்று.

1998இல் வந்த தரம் 56,000 பிட் வரை எட்டியது. அது நமக்கு வரும் திசையில் மட்டுமே. நாம் அனுப்பும் திசையில் 33,600தான். குரலுக்குரிய குறுகிய பாதையில் அதற்குமேல் இடமில்லை. ஆனால் செம்புக் கம்பிக்கு அந்த எல்லை கிடையாது! குரலுக்கு மேற்பட்ட அதிர்வுகளையும் அது, தூரம் அதிகமில்லாவிட்டால், நன்றாகவே கடத்தும். பிற்காலத்து அகலப்பட்டை இணைப்பு அந்த மேல் பகுதியைத்தான் பயன்படுத்தியது. அதே கம்பியில் மகள் இணையத்தில் படிக்க, தாய் டெலிபோனில் பேச முடிந்தது அதனால்தான். இன்று கண்ணாடி இழை வரும் வீடுகளில் சுவரோரப் பெட்டி ஒளியைக் குறியாகவும் குறியை ஒளியாகவும் மாற்றிக்கொண்டிருக்கிறது. அதற்குச் சத்தமே இல்லை.