திரும்பி வந்து நன்றி சொல்வோம்



சேசுநாதர் சுவாமி ஜெருசலேம் நகருக்குப் போகும் வழியில், சமாரியா, கலிலேயா நாடுகளின் எல்லைப்புறத்திலே, ஓர் ஊருக்கருகில் பத்துக் குஷ்டரோகிகள் அவருக்கு எதிர்ப்பட்டார்கள். அர்ச். லூக்காஸ் தம் சுவிசேஷத்தின் 17-ம் அதிகாரத்தில் இந்தச் சரித்திரத்தை எழுதியிருக்கிறார். கோவிலில் பலமுறை கேட்ட வாசகந்தான். ஆயினும் அதில் நாம் சாதாரணமாய்க் கவனியாத ஒரு காரியம் உண்டு.

பத்துப் பேரும் குணமடைந்தார்கள். ஒருவன் மட்டும் திரும்பி வந்தான். அவனும் யூதர்கள் அந்நியனாக எண்ணிய சமாரியன். மற்ற ஒன்பது பேரையும் கொடியவர்கள் என்று நாம் எளிதில் தீர்த்துவிடுகிறோம். ஆனால் சுவிசேஷம் அப்படிச் சொல்லவில்லை. குருக்களிடம் போய்த் தங்களைக் காண்பிக்கும்படி சேசுநாதர் கட்டளையிட்டார். அவர்கள் அப்படியே போனார்கள். மோயீசன் சட்டப்படி குஷ்டம் நீங்கியவனைக் குரு பார்த்து, சுத்தமானவன் என்று சொன்ன பிறகே அவன் ஊருக்குள் வரலாம். சரீரம் குணமாவதற்கு முன்பே அவர்கள் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆகவே அவர்களிடத்தில் விசுவாசம் இருந்தது, கீழ்ப்படிதலும் இருந்தது. பெண்சாதி பிள்ளைகளைப் பிரிந்து ஊருக்கு வெளியே கிடந்தவர்களுக்கு வீட்டு நினைவு வந்ததில் ஆச்சரியமில்லை. எல்லாம் இருந்தும், ஒன்று இல்லை. அவர்கள் திரும்பி வரவில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். இரக்கம் கேட்டபோது பத்துப் பேரும் உரத்த சத்தமாய்க் கூப்பிட்டார்கள். அந்தச் சமாரியனோ நன்றி சொல்ல வந்தபோதும் உரத்த சத்தமாய்ச் சர்வேசுரனைத் துதித்தான் என்று அர்ச். லூக்காஸ் எழுதுகிறார். கேட்கும்போது இருந்த குரல் நன்றி சொல்லும்போதும் குறையவில்லை. நம்முடைய செபத்தை இந்த அளவுகோலால் அளந்துபார்ப்போமா?

1. நாம் ஏன் மறந்துபோகிறோம்?

பிள்ளைக்குப் பரீட்சை வந்தால் வீட்டில் மெழுகுவர்த்தி எரிகிறது. ஆஸ்பத்திரியில் ஒருவர் படுத்திருந்தால் பூசைக் கருத்துக் கொடுக்கிறோம். வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொள்கிறோம். இவையெல்லாம் நல்லவையே. பரீட்சை முடிவு வந்த அன்றும், நோயாளி வீடு திரும்பிய அன்றும் அதே முழங்கால் தரையில் படுகிறதா?

நேர்ந்ததைச் செலுத்துகிறோமே என்பீர்கள். செலுத்தத்தான் வேண்டும், அது சர்வேசுரனுக்குக் கொடுத்த வாக்கு. ஆனால் கடைக்காரன் பாக்கியைத் தீர்ப்பதுபோல் அதைத் தீர்த்துவிட்டு, இனிக் கணக்கு ஒன்றுமில்லை என்று வந்துவிடுவது நன்றியாகாது. கடன் கொடுத்தால் தீரும். அன்பு அப்படித் தீருவதில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லும் நம் நாட்டிலே, செய்ந்நன்றி அறிதலுக்கென்று வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்த மொழியிலே, உயிரையே கொடுத்தவருக்கு வருஷத்தில் ஒரு நாள் போதுமா?

மறதிக்குப் பெரிய காரணம், நன்மைகள் தவறாமல் வருவதே. வனாந்தரத்தில் இஸ்ராயேல் ஜனங்களுக்குச் சர்வேசுரன் 40 வருஷம் மன்னா என்னும் உணவைப் பொழிந்தார். முதல் நாள் அதைக் கண்டு அதிசயித்தவர்கள், பிறகு அதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தார்கள். எகிப்தில் தின்ற வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் நினைத்து அழுதார்கள். அடிமைத்தனத்தின் அடி உதை மறந்துபோயிற்று. வெங்காயம் மட்டும் நினைவிலிருந்தது! முறுமுறுப்பு அப்படித்தான் வேலை செய்கிறது. குழாயில் தண்ணீர் வராத நாளைப் பற்றி வாரம் முழுதும் பேசுகிறோம். வந்த நாட்களைப் பற்றி யார் பேசுகிறோம்?

2. பூசையே நன்றிப் பலி

தேவநற்கருணைக்கு ஆதி கிறிஸ்தவர்கள் வழங்கிய கிரேக்கப் பெயர் எவ்கரிஸ்தியா. அதற்கு நன்றி செலுத்துதல் என்று பொருள். பூசையின் நடுப்பகுதி தொடங்குமுன், ஆண்டவருக்கு நன்றி செலுத்தும்படி குருவானவர் நம்மை அழைக்கிறார். அது தகுதியும் நீதியும் ஆகும் என்று நாம் மறுமொழி சொல்லுகிறோம். நீதி என்னும் சொல்லைக் கவனியுங்கள். நன்றி என்பது விருப்பமிருந்தால் காட்டுகிற மரியாதையன்று. அது சர்வேசுரனுக்கு நாம் செலுத்தவேண்டிய நியாயம்.

எல்லாவற்றிலும் பெரிய நன்மையை வாங்கியபின் நாம் என்ன செய்கிறோம்? உரோமை நகரில் வாழ்ந்து 1595-ம் ஆண்டில் மரித்த அர்ச். பிலிப்பு நேரியைப் பற்றி ஒரு சம்பவம் சொல்லுவார்கள். ஒரு மனிதன் நன்மை வாங்கியவுடனே கோவிலைவிட்டு வெளியே போவது வழக்கம். அர்ச்சியசிஷ்டவர் எரியும் மெழுகுதிரிகளோடு இரண்டு பீடச் சிறுவர்களை அவன் பின்னே தெருவில் நடந்துபோகும்படி அனுப்பினாராம். ஆண்டவரைச் சுமந்துகொண்டு போகிறவனுக்கு மரியாதை செய்யவேண்டுமல்லவா! அவன் வெட்கி, திரும்பி வந்து முழந்தாளிட்டான். நம் கோவிலில் நன்மை வாங்கினவுடன் சைக்கிளையும் மோட்டார் வண்டியையும் தேடி ஓடுகிறவர்களுக்கெல்லாம் மெழுகுதிரி பிடிப்பதானால் எத்தனை பீடச் சிறுவர்கள் தேவைப்படுவார்கள்?

3. துன்பம் வந்த வீட்டில்

சிலர் இப்போது கேட்பீர்கள்: "வீட்டில் சாவு விழுந்திருக்கிறது. வேலை போய்விட்டது. வியாதி தீரவில்லை. நாங்கள் எதற்கு நன்றி சொல்ல?"

இது நியாயமான கேள்வி. துக்க வீட்டுக்குப் போய், அழாதீர்கள், நன்றி சொல்லுங்கள் என்று உபதேசம் செய்வது கிறிஸ்தவ வழக்கமன்று. அங்கே போகிறவர்கள் கூட இருந்து அழவேண்டும். அடுப்பு எரியாத வீட்டுக்குச் சோறு கொண்டுபோகவேண்டும். சேசுநாதரே தம் சிநேகிதன் லாசரின் கல்லறைக்குப் போனபோது கண்ணீர் விட்டார். அதே கல்லறை முன்பு நின்று, தம் மன்றாட்டைக் கேட்டருளியதற்காகப் பிதாவுக்கு நன்றியும் செலுத்தினார். கண்ணீரும் நன்றியும் ஒரே இருதயத்தில் இருக்கலாம் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமோ?

எல்லா நிலைமையிலும் நன்றி செலுத்தும்படி அர்ச். சின்னப்பர் தெசலோனிக்க நகரத்தாருக்கு எழுதினார். தீமையை நன்மை என்று சொல்லும்படி அவர் எழுதவில்லை. அந்த நிலைமையிலும் நம்மைக் கைவிடாத சர்வேசுரனுக்கு நன்றி சொல்லவேண்டும் என்பதே அவர் கருத்து. அவர் எழுதியதோடு நிற்கவில்லை. கைதியாய் உரோமைக்குக் கப்பலில் போனபோது பெரும் புயல் அடித்தது. கப்பலில் 276 பேர் இருந்தார்கள். 14 நாளாய்ச் சரியான சாப்பாடு இல்லை. இன்னும் கரை சேரவில்லை, பொழுதும் நன்றாக விடியவில்லை. அப்போது அவர் அப்பத்தை எடுத்து, எல்லோருக்கும் முன்பாகச் சர்வேசுரனுக்கு நன்றி செலுத்தி, அதைப் பிட்டு உண்டார். அதைக் கண்டு மற்றவர்களும் தைரியங்கொண்டு சாப்பிட்டார்கள். ஒருவருடைய நன்றி 276 பேருக்கும் தைரியம் கொடுத்தது. நம்முடைய ஆண்டவரும், தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட அந்த இரவிலேயே அப்பத்தை எடுத்து நன்றி செலுத்தினார் அன்றோ?

நமக்குச் சமீப காலத்திய ஒரு திருஷ்டாந்தமும் உண்டு. சூடான் நாட்டில் பிறந்த அர்ச். ஜோசபின் பக்கீத்தா சிறுமியாயிருந்தபோதே அடிமை வியாபாரிகளால் பிடித்துக்கொண்டுபோகப்பட்டு, பலமுறை விற்கப்பட்டு, கொடிய அடிகளைத் தாங்கினாள். பிறகு இத்தாலிக்கு வந்து, 1890-ம் ஆண்டு வெனிஸ் நகரில் ஞானஸ்நானம் பெற்று, கனோசியன் சபையில் கன்னியானாள்; 1947-ல் மரித்தாள்; 2000-ம் ஆண்டில் அர்ச்சியசிஷ்டவளாக உயர்த்தப்பட்டாள். தன்னைப் பிடித்துப்போனவர்களைக் கண்டால் முழந்தாளிட்டு அவர்கள் கைகளை முத்தமிடுவேன், அது நடவாதிருந்தால் நான் கிறிஸ்தவளாயிருக்கமாட்டேன் என்று அவள் சொல்லுவாள். அடிமை வியாபாரம் நல்லது என்று இதற்குப் பொருளில்லை. அவள் திருநாளாகிய பிப்ரவரி 8-ம் தேதியிலேதான் 2015 முதல் திருச்சபை, மனிதரை விற்கும் கொடுமை ஒழியும்படி உலகெங்கும் மன்றாடுகிறது. தீமையை எதிர்க்கிறவனும் நன்றியுள்ளவனாயிருக்கலாம் என்பதை அவள் நமக்குப் படிப்பிக்கிறாள்.

4. தினந்தோறும் செய்யவேண்டியது

டிசம்பர் 31-ம் தேதி நன்றி வழிபாட்டுக்குக் கோவில் நிரம்பி வழிகிறது. அன்று தேதேயும் என்னும் நன்றிக் கீதத்தைப் பொதுவில் பாடுகிறவர்களுக்குத் திருச்சபை, வழக்கமான நிபந்தனைகளின்படி, பரிபூரண பலன் அளிக்கிறது. மிகவும் நல்லது. ஆனால் அந்த ஓர் இரவு மற்ற நாட்களுக்குப் பதிலாகாது. ஆகவே ஒவ்வொரு குடும்பமும் நான்கு சிறு வழக்கங்களைக் கைக்கொள்ளலாம்.

முதலாவது, காலையில். கண் விழித்தவுடன் சிலுவை அடையாளம் போட்டு, இன்றைய நாளைக் கண்டதற்காக நன்றி சொல்லுங்கள். கைப்பேசியை எடுப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

இரண்டாவது, சாப்பாட்டில். சாப்பாட்டுக்கு முன் செபம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பின் செபமோ ஏறக்குறைய மறைந்துபோயிற்று. பசித்தபோது பத்துப் பேர். வயிறு நிறைந்தபின் ஒருவர்! கை கழுவ எழுந்திருக்குமுன் அரை நிமிஷம் செபம் சொல்லுங்கள். சமைத்தவர்களுக்கும் ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள். தினமும் சோறு பரிமாறும் தாய்க்கு நன்றி சொல்லாத பிள்ளை, கண்ணால் காணாத சர்வேசுரனுக்கு எப்படி நன்றி சொல்லும்?

மூன்றாவது, இரவில். அர்ச். இஞ்ஞாசியார் ஞான ஒடுக்கத்துக்காக எழுதிய புத்தகம் 1548-ல் பாப்பரசரின் அங்கீகாரம் பெற்றது. அதிலே ஆத்துமசோதனைக்கு ஐந்து படிகளை அவர் வகுத்திருக்கிறார். முதற்படி பாவங்களைத் தேடுவதன்று. பெற்ற நன்மைகளுக்காகச் சர்வேசுரனுக்கு நன்றி செலுத்துவதே முதற்படி. பெற்றதை அறிந்தவனுக்கே, தான் செய்த பாவம் எவ்வளவு பெரிதென்று தெரியும். ஆகையால் குடும்ப செபத்தில், செபமாலை முடிந்ததும், ஆளுக்கு ஒரு நன்மையைச் சொல்லுங்கள். "எல்லாவற்றுக்கும் நன்றி" என்று பொதுவாய்ச் சொல்லி முடிக்கவேண்டாம். "அம்மாவுக்குக் காய்ச்சல் இறங்கியது", "கடன் கொடுத்தவர் ஒரு மாதம் தவணை தந்தார்", "பாட்டி இன்றைக்கு இரண்டு வாய் கஞ்சி குடித்தார்கள்" என்று குறிப்பாய்ச் சொல்லுங்கள். தேடினால் அகப்படும். ஒன்றும் அகப்படாத நாளில் ஞானஸ்நானத்துக்காக நன்றி சொல்லுங்கள். அது ஒருநாளும் பழசாகாது.

நான்காவது, செய்கையில். வாயால் சொன்ன நன்றிக்குக் கையும் சாட்சி சொல்லவேண்டும். சம்பளம் வந்த அன்று, செலவுக் கணக்கு எழுதுமுன், ஏழைகளுக்கென்று சிறு பங்கை எடுத்துவையுங்கள். அதைப் பிள்ளைகளின் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள்.

வீட்டில் பேசிக்கொள்ளச் சில கேள்விகள்

1. போன வருஷம் நாம் கண்ணீரோடு கேட்டுப் பெற்றுக்கொண்ட நன்மை எது? அதற்காகத் திரும்பி வந்தோமா?
2. நம் வீட்டில் யாருடைய உழைப்பை நாம் கவனியாமல் இருக்கிறோம்?
3. துக்கத்திலிருக்கும் எந்தக் குடும்பத்தை இந்த வாரம் போய்ப் பார்க்கப்போகிறோம்?

பத்துப் பேருக்கும் சரீர சுகம் கிடைத்தது. திரும்பி வந்தவனோ சேசுநாதருடைய திருப்பாதத்தில் விழுந்து, அவனுடைய விசுவாசமே அவனை இரட்சித்தது என்று அவர் வாயாலேயே கேட்டான். வரத்தைப் பெற்றவர்கள் பத்துப் பேர். வரத்தைத் தந்தவரிடம் வந்து சேர்ந்தவன் ஒருவன். நாம் எந்தப் பக்கம் நடக்கிறோம் என்று இன்றிரவே பார்த்துக்கொள்வோம்.

செபம்: சேசுவே, நாங்கள் கேட்டதையும் தந்தீர், கேளாததையும் தந்தீர். எங்கள் கால்களை உம்மிடம் திருப்பியருளும். சந்தோஷத்திலும் கண்ணீரிலும் உமக்கு நன்றி சொல்லும் நாவை எங்களுக்குத் தாரும். ஆமென்.