நரியை யார் முதலில் பார்ப்பது?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது, மகளுக்கு மூன்று. வீட்டில் எல்லோரும் சேர்ந்து படிக்கப் புதிதாகப் படப் புத்தகங்கள் வாங்க ஆசை. ஆனால் பெரியவன் “இது பாப்பா புக்” என்று எழுந்து போய்விடுகிறான். சின்னவள் புதுசைத் தள்ளிவிட்டு, பழையதையே திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்கிறாள். என் மாமியாருக்குப் பேரப் பிள்ளைகளோடு உட்கார விருப்பம்தான். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார் என்பதால் கூச்சப்படுகிறார். கதை முடிந்ததும் “இதுலேர்ந்து என்ன தெரிஞ்சுக்கிட்டே?” என்று கேட்பது என் கணவரின் வழக்கம். எங்களுக்கு எந்த மாதிரிப் புத்தகம் சரிப்படும்?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: புதுப் புத்தகமா பழையதா என்பது உங்கள் வீட்டுக்கு முக்கியமில்லை, அம்மா. எழுத்து சொல்லாததைப் படம் சொல்கிறதா என்று பாருங்கள். அப்படிப்பட்ட புத்தகத்தில் மூன்று வயதுக்கும் எட்டு வயதுக்கும் அறுபது வயதுக்கும் ஆளுக்கொரு வேலை இருக்கும்.

பாட் ஹட்சின்ஸ் எழுதி வரைந்து 1968-இல் வந்த ‘ரோஸிஸ் வாக்’ இதற்கு நல்ல உதாரணம். மொத்தமே 32 சொற்கள். ஒரு கோழி பண்ணையைச் சுற்றி நடந்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்புகிறது என்பதோடு எழுத்து முடிந்துவிடும். படத்திலோ ஒரு நரி கோழியின் பின்னாலேயே வந்து, பாய்ந்து பாய்ந்து, ஒவ்வொரு முறையும் அடிபடுகிறது. நரி என்ற சொல்லே புத்தகத்தில் கிடையாது. வரியை வாசிப்பவர் கோழியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க, எழுத்தே தெரியாத குழந்தை “பின்னாடி நரி!” என்று கத்தும். வீட்டில் எல்லோரையும்விடக் குழந்தைக்கு அதிகம் தெரிந்திருக்கும் அபூர்வமான நேரம் அது.

கடையில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பக்கங்களைப் புரட்டுங்கள். படத்தை வைத்தே ஏதாவது பேசத் தோன்றுகிறதா? அடுத்து, படத்தைப் பார்க்காமல் எழுத்தை மட்டும் படியுங்கள். ஒரு குறையும் இல்லாமல் கதை முழுதாகப் புரிந்துவிட்டால், அது படம் போட்ட கதை. அதிலும் நல்லவை உண்டு. ஆனால் உங்கள் வீட்டில் அதை ஒருவர் படிக்க, மற்றவர்கள் சும்மா கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டி நீதி அச்சிட்டிருந்தால், அதைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

இனி ஆளுக்கொன்றாகச் சொல்கிறேன்.

மாமியாருக்கு, பிரியா குரியனின் ‘அம்மாச்சிஸ் கிளாசஸ்’. சென்னை தூலிகா பதிப்பகத்தின் வெளியீடு. கண்ணாடியைத் தொலைத்துவிட்டு வீடெல்லாம் தடுமாறும் ஒரு பாட்டியின் கதை. படங்களே கதையைச் சொல்வதால் எழுத்துக்கூட்டும் கவலை இல்லை. கண்ணாடி தேடும் பாட்டி பாடு உங்கள் மாமியாருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். பேச ஆரம்பித்தால் கூச்சம் தானாகப் போய்விடும்.

பெரியவனைக் கேட்பவனாக உட்கார வைக்காதீர்கள். சத்தம் போடுபவனாக ஆக்குங்கள். அசோக் ராஜகோபாலனின் ‘கஜபதி குலபதி’யில் பென்னம்பெரிய யானைக்குச் சளி பிடித்துவிடுகிறது. யானைத் தும்மல் முழுக்க அவன் பொறுப்பு. தூலிகா வெளியிடும் இருமொழிப் புத்தகங்களில் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் இருக்கும். ஆங்கில வரியை அவன் படிக்கட்டும், தமிழை நீங்கள் படியுங்கள். லாவண்யா கார்த்திக் எழுதி புரோயிதி ராய் வரைந்த ‘எ வாக் வித் தம்பி’யையும் அவன் கையில் கொடுத்துப் பாருங்கள். பார்வையற்ற ஒரு சிறுவன் தன் நாயோடு உலாப் போகும் கதை. பிரசங்கம் எதுவும் இல்லை. சிறுவன் வழியை எப்படிக் கண்டுகொள்கிறான் என்று தங்கைக்கு அவனே விளக்கட்டும்.

சின்னவள் பழையதையே கேட்பதில் தப்பே இல்லை. முதல் தடவை கதைக்கு என்ன ஆகும் என்று பார்க்கிறாள். அது தெரிந்த பிறகுதான் மூலையில் இருக்கும் பூனை கண்ணில் படும். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் மூன்று வயதுக் குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். புதுச் சொற்கள் எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கையில்தான் காதில் விழுந்தன. வெவ்வேறு கதைகளில் கேட்டவர்களைவிட, ஒரே கதையைத் திரும்பக் கேட்டவர்கள்தான் அவற்றை நன்றாகக் கற்றிருந்தார்கள்.

உங்கள் கணவரின் கேள்விக்கு வருகிறேன். கேட்பது நல்ல பழக்கம்தான். கேட்கும் இடமும் கேள்வியும் மாற வேண்டும். ஒரே பதிலை எதிர்பார்க்கும் கேள்வி பரீட்சையாகிவிடும். கதை முடியும்வரை காத்திருக்காமல் பாதியில், படத்தைக் காட்டி, “இவன் ஏன் இப்படி முழிக்கிறான்?”, “அடுத்து என்ன பண்ணுவான்?” என்று கேட்கலாம். குழந்தை ஒரு சொல்லில் பதில் சொன்னால், அதோடு இரண்டு சொல் சேர்த்துத் திருப்பிச் சொன்னால் போதும். அமெரிக்காவில் குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மாதம் இப்படிப் படித்த வீட்டுக் குழந்தைகள் பேச்சுத் திறனில் மற்றக் குழந்தைகளை முந்தியிருந்தார்கள்.

சில தமிழ்ப் படப் புத்தகங்களில் நடை விறைப்பாக இருக்கும். அச்சில் இருப்பதை அப்படியே ஒப்பிக்க வேண்டியதில்லை. ‘சென்றது’ என்றிருந்தால் ‘போச்சு’ என்று வாசியுங்கள். பெரியவன் வரியைப் பார்த்து “அப்படிப் போடலையே” என்று பிடித்துக்கொண்டால் இன்னும் நல்லது. அவன் படிக்க ஆரம்பித்துவிட்டான் என்று அர்த்தம்.

எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்க வேண்டாம். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரிக்கப்பட்டு, இலவசமாகவே கிடைக்கின்றன. போனில் காட்டாமல், பிடித்ததை அச்செடுத்துத் தைத்துக் கொடுங்கள். உங்கள் ஊரிலேயே 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கெனத் தனிப் பகுதி இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய், எல்லோரும் ஆளுக்கொரு புத்தகம் தேர்ந்தெடுங்கள். மாமியாரும் தேர்ந்தெடுக்கட்டும். அங்கே திரும்பத் திரும்ப எடுக்கப்படும் புத்தகம் எது என்று கவனித்து, அதை மட்டும் விலைக்கு வாங்குங்கள்.

எவ்வளவு நேரம் படிக்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்பவர்கள் நிறையப் பேர் என்பதால் சொல்லிவைக்கிறேன். மடியை விட்டு முதல் ஆள் இறங்கும் வரைக்கும். பாதிக் கதையில் இறங்கினாலும் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டாம். மீதிக் கதை என்ன ஆச்சு என்று நாளைக்கு அவர்களே வந்து கேட்பார்கள்.