எலும்புக்குள்ளும் சீழ் பிடிக்கும்!

போன வருஷம் என் தம்பிக்கு முழங்காலுக்குக் கீழே வலி, கூடவே காய்ச்சல். கபடியில் விழுந்தானே, சுளுக்குதான் என்று பாட்டி எண்ணெய் போட்டு நீவி விட்டார். மூணாம் நாள் காலை ஊன்றவே முடியவில்லை.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. அப்பாடா என்றோம். டாக்டர் விடவில்லை. "எலும்பில் கிருமி புகுந்தால் முதல் 10 நாள் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம்" என்று இரத்தப் பரிசோதனையும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். ஆஸ்டியோமைலிடிஸ் என்று தெரிந்தது.

பெரும்பாலும் இதற்குக் காரணம் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. மைக்ராஸ்கோப்பில் திராட்சைக் குலை மாதிரி இருக்குமாம். பல பேர் தோலிலும் மூக்கிலும் சும்மா இருப்பதுதான். புண் வழியாக இரத்தத்தில் கலந்தால், எலும்பு வளரும் முனையில் போய்த் தங்கும். அங்கே இரத்தம் மெதுவாக ஓடுகிறதே! பிள்ளைகளுக்கு இது அதிகம் வருவது அதனால்தான். சீழ் சேர்ந்து அழுத்தினால் இரத்த ஓட்டம் நின்று எலும்பே செத்துப்போகும். செத்த எலும்புக்குள் மருந்தும் போகாது.

தம்பிக்குச் சீழை எடுத்தார்கள். ஊசி, பிறகு மாத்திரை, மொத்தம் 6 வாரம். வலி போனதும் "மாத்திரை எதுக்கு?" என்று தினமும் சண்டை போட்டான். கிருமி மிச்சம் இருந்தால் திரும்ப வரும் என்று அம்மா ஒரு வேளைகூட விடவில்லை.

இப்போ எங்கள் வீட்டில் சிராய்ப்பு என்றால் உடனே சோப்பும் தண்ணீரும். காய்ச்சலோடு எலும்பு வலி என்றால், எண்ணெய்ப் பாட்டிலைப் பாட்டியே ஒளித்து வைத்துவிடுகிறார்!